லேப் கை மாறினால் ரிப்போர்ட் யார் கையில்?

கேள்வி: தண்டையார்பேட்டையில் தெருமுனை லேபில்தான் அம்மாவுக்கு வருஷக்கணக்காக சுகர் டெஸ்ட் எடுக்கிறோம். அதை இப்போது ஒரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது. போர்டு புதுசு, ஆட்கள் பழைய ஆட்களே. 'பழைய ரிப்போர்ட்டுகளைப் புதிய ஆப்புக்கு மாற்ற, லிங்க்கில் போய் ஆதார் எண்ணைக் கொடுங்கள்' என்று வாட்ஸ்அப் வந்திருக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கம்பெனியே அனுப்பியதாகவும் இருக்கலாம். ஆனால் லேப் கை மாறியது பேட்டைக்கே தெரிந்த பிறகு, மோசடிக்காரனுக்குத் தெரியாமலா இருக்கும்? கவுன்ட்டரில் மெசேஜைக் காட்டிக் கேளுங்கள். சுகர் ரிப்போர்ட்டுக்கு எதற்கு ஆதார்?

லிங்க்கை விட எனக்குக் கவலை, ரிசப்ஷன் மேஜையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்தான். வாங்கிய கையோடு போர்டு மாறும், பில் மாறும். பழைய சாஃப்ட்வேரும், எல்லா ஊழியர்களும் சேர்ந்து போடும் ஒரே பாஸ்வேர்டும் மாதக்கணக்கில் அப்படியே ஓடும். வாங்குகிறவர்கள் கணக்கு வழக்கைத் துருவுவார்கள். வேலையை விட்டுப் போனவருக்கு இன்னும் லாகின் இருக்கிறதா என்று பார்ப்பது அபூர்வம்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் யுனைடெட்ஹெல்த் குழுமம் 2022 அக்டோபரில் சேஞ்ச் ஹெல்த்கேர் என்ற நிறுவனத்தை வாங்கியது. மருத்துவ பில், இன்சூரன்ஸ் க்ளெய்ம் எல்லாம் அதன் வழியாகத்தான் போகும். 2024 பிப்ரவரியில், திருடிய பாஸ்வேர்டு ஒன்றை வைத்து உள்ளே புகுந்துவிட்டார்கள். அந்த வழியில் ஓடிபி மாதிரி இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. புகுந்தவர்கள் மிரட்டிக் கேட்ட 2.2 கோடி டாலரைக் கொடுத்தும், சுமார் 19 கோடி பேரின் விவரம் போனது போனதுதான். வாங்கிய நிறுவனத்தின் பழைய தொழில்நுட்பத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தோம் என்றார் தலைமை அதிகாரி. வாங்கி ஒன்றேகால் வருஷம் ஆகியிருந்தது!

இங்கே 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் விதிகள் வந்ததே 2025 நவம்பரில். முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம். அதுவரை சட்டத்தை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம்.

பழைய ரிப்போர்ட்டுகளை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கு எப்போது மூடப்படும், பதிவுகளுக்கு யார் பொறுப்பு என்று மெயிலில் கேளுங்கள். வாய்வார்த்தை பிறகு உதவாது. அப்புறம், பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும் சேர்ந்த பிடிஎஃப் பாஸ்வேர்டைப் பெரிய பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். அம்மாவைத் தெரிந்த எவரும் திறந்துவிடலாம்.

ஏற்கெனவே லிங்க்கைத் தொட்டுப் பணம் போயிருந்தால், லேபோடு வாதாடிக்கொண்டிருக்காமல் முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் போடுங்கள்.