இரண்டு குதிரைக்கு எட்டடி டிரெய்லர் போதுமா?

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் இரண்டு குதிரைகள். ஒன்று எல்கைப் பந்தயம் என்னும் வண்டிப் பந்தயத்தில் நடுக்குதிரைப் பிரிவில் ஓடுவது. இன்னொன்று போன ஆடியில் அந்தியூர் சந்தையில் வாங்கிய கத்தியவார் இனப் பெட்டைக் குதிரை. இதுவரை வாடகைக் குட்டியானை வண்டியில் ஒவ்வொன்றாக ஏற்றிப் போனோம். இப்போது ஒருவர் மாடு ஏற்றும் மாதிரி டிரெய்லர் தருகிறேன் என்கிறார். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், பக்கத்தில் கம்பிச் சட்டம், மேலே தகரக் கூரை. பட்டறையில் செய்தது. வாங்கி என் பிக்கப்பில் இழுக்கலாமா?"

இரண்டு குதிரைக்கு அந்த டிரெய்லர் வேண்டாம். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் விலங்கு ஏற்றும் வண்டிக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. மாட்டுக்கு 2 சதுர மீட்டர், குதிரைக்கு 2.25 சதுர மீட்டர். இரண்டு குதிரைக்கு 4.5 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 48½ சதுர அடி. எட்டுக்கு ஐந்து என்றால் 40 சதுர அடிதான். சட்டத்தை விடுங்கள், குதிரையைப் பாருங்கள். கத்தியவார் குதிரை தலையைச் சாதாரணமாக நீட்டி நின்றால் மூக்கிலிருந்து வால் வரை ஏழரை அடிக்குக் குறையாது. எட்டடிப் பெட்டியில் அது தலையைக் குனிய முடியாது. வண்டி குலுங்கும்போது காலை அகட்டி நிற்கவும் முடியாது.

இப்போது டேப்பை எடுத்துக்கொண்டு போய் உங்கள் பிக்கப்பின் பெட்டியை அளந்து பாருங்கள். நீளமான பெட்டி உள்ள பிக்கப் என்றால் ஒன்பதடிக்கு ஐந்தரை அடி இருக்க வாய்ப்புண்டு. அது 49½ சதுர அடி. நீங்கள் காசு கொடுத்து வாங்கப்போகும் டிரெய்லரைவிட வாசலில் நிற்கும் வண்டியே பெரிது!

அப்படியானால் டிரெய்லர் எதற்கு? தரை உயரத்துக்காகத்தான். பிக்கப்பின் தளம் மூன்றடி உயரத்தில் இருக்கும், டிரெய்லரின் தளம் ஒன்றரை அடிக்குள் நிற்கும். குதிரை படியேறுகிற மாதிரி ஏறிவிடும். கம்பிச் சட்ட டிரெய்லருக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. உள்ளே வெளிச்சமும் காற்றும் இருக்கும். இருட்டுப் பெட்டிக்குள் போக மறுக்கிற குதிரைகூட வெளிச்சம் தெரிந்தால் காலை எடுத்து வைக்கும். பெட்டையை அந்தியூரிலிருந்து கொண்டுவந்த அன்று ஏற்ற எவ்வளவு நேரம் பிடித்தது என்று நினைத்துப் பாருங்கள், புரியும்.

ஆனால் நம் பக்கத்தில் மூன்றடி உயரத்துக்கு வழி இருக்கிறது. களத்துமேடு, வாய்க்கால் கரை, வீட்டு முன் மண்மேடு என்று எதிலாவது வண்டியைப் பின்பக்கமாக ஒட்டி நிறுத்தினால் குதிரை தரையிலிருந்து தரைக்குப் போவதுபோல் நடந்து ஏறும். கரைக்கும் பெட்டிக்கும் நடுவில் சந்து இருக்கக்கூடாது, கால் போய்விடும். இறக்கும் இடத்தில் மேடு இல்லையென்றால் சாய்பலகை வேண்டும். மூன்றடி உயரத்துக்கு ஒன்பதடி நீளப் பலகையாவது இருந்தால்தான் சரிவு குதிரைக்குத் தாங்கும். ஆறடிப் பலகையில் குதிரை நடக்காது, குதிக்கும்.

எனவே வருடத்துக்கு நான்கைந்து பந்தயம், அதுவும் திருக்கடையூர் வரை என்றால், பிக்கப்பையே தயார் செய்யுங்கள் என்பேன். பக்கச் சட்டத்தை உயர்த்தி உள்பக்கம் மெத்தை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான 1978ஆம் ஆண்டு விதிகளும் இதைத்தான் கேட்கின்றன: வழுக்காத தளம், குதிரைக்குக் குதிரை நடுவில் 8 சென்டிமீட்டருக்குக் குறையாத பருமனுள்ள மூங்கில், பின்னால் இரண்டு உறுதியான குறுக்குக் கட்டைகள், மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம். பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவரின் சான்றும் கையில் இருக்க வேண்டும். 35 என்றதும் சிரிப்பீர்கள். வாய்க்கால் பாலத்துக்குப் பாலம் முதுகு தூக்கி நிற்கும் நம் சாலைகளில் அதுவே சில இடங்களில் அதிகம்.

இல்லை, அடிக்கடி போகிறேன், டிரெய்லர்தான் வேண்டும் என்றால், நீளம் பத்தரை அடிக்கும் அகலம் ஐந்தரை அடிக்கும் குறையாமல் பாருங்கள். உள்ளே உயரம் ஏழடி வேண்டும். நுனி தொட்டுக்கொள்ளும்படி வளைந்த காதுதான் கத்தியவாருக்கு அழகு, அது கூரைத் தகரத்தில் தேயக்கூடாது. கம்பிச் சட்டம் மேலே மட்டும் இருக்கட்டும். கீழே மூன்றரை, நான்கு அடிக்குத் தகடு அடைத்திருக்க வேண்டும். மாட்டு டிரெய்லரில் கீழிருந்தே இடைவெளி விடுவார்கள். குதிரை உதைத்தால் குளம்பு அந்தச் சந்தில் மாட்டும், பிறகு அதை எடுப்பதற்குள் கால் எலும்பு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

விற்கிறவர் பெயின்ட்டைக் காட்டுவார். நீங்கள் கீழே படுத்துத் தளத்தைப் பாருங்கள். ஒருமுறை ஒரு நண்பருக்காகப் பழைய டிரெய்லர் பார்க்கப் போனேன். மேலே பளபளவென்று புதுப் பச்சை. அடியில் போய் ஸ்க்ரூடிரைவரால் பலகையைக் குத்தினேன், ஊறிய ரஸ்க்கில் இறங்குவதுபோல் பாதி வரை இறங்கியது. மூத்திரமும் சாணமும் பலகை இடுக்கில் தங்கி அடியிலிருந்தே உளுக்க வைக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. 350 கிலோ குதிரை ஓடும் வண்டியில் அந்த இடத்தில் கால் ஊன்றினால் குளம்பு சாலையில் போய் நிற்கும். இரும்புத் தளம் என்றால் குறுக்குச் சட்டமும் தகடும் சேரும் வெல்டிங்கைச் சுத்தியால் தட்டுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓடிய வண்டி என்றால் இன்னும் நன்றாகத் தட்டுங்கள், உப்புக்காற்று சும்மா விடாது.

தளத்தின் மேல் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை விரித்து, லேசாக ஈரம் தெளித்த தென்னைநார்த் தூளைப் போடுங்கள். வெறும் இரும்பின் மேல் வைக்கோல் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நனைந்தால் அது வாழைத்தோல் மாதிரி.

அப்புறம் இழுவை. குதிரைகள் இரண்டும் சேர்ந்து 650, 700 கிலோ. இரும்பு டிரெய்லர் 900 கிலோ என்று வைத்தால் மொத்தம் 1,600. பெட்டியில் ஒன்றரை டன் ஏற்றலாம் என்பதால் ஒன்றரை டன்னை இழுக்கலாம் என்று அர்த்தமில்லை. கையேட்டில் இழுவை எடை தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், போடவில்லை என்றால் அந்த யோசனையை அங்கேயே நிறுத்துங்கள். டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருக்க வேண்டும். கொக்கியின் மேல் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 160 முதல் 240 கிலோ அழுத்த வேண்டும். அது குறைந்தால் டிரெய்லரின் வால் ஆடும். டிராக்டர் டிரெய்லர் போல இரும்பு முளை செருகும் கொக்கி என்றால் நான் தொடவே மாட்டேன். நெல் மூட்டைக்கு அந்தக் குலுக்கல் பரவாயில்லை. குதிரைக்கு ஒவ்வொரு தடவையும் முழங்காலில் இடிக்கும்.

பட்டறையில் அடித்ததற்குப் பதிவு எண் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவும் இன்சூரன்ஸும் வேண்டும். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் காபி குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். இன்னொன்று, குட்டை டிரெய்லர் ரிவர்ஸில் சட்டென்று மடங்கும். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வீட்டுத் திண்ணை என்றிருக்கும் தெருவில் அதைத் திருப்பத் தனித் திறமை வேண்டும்.

எந்த வண்டியானாலும் கனமான குதிரையை வலப்பக்கம் நிறுத்துங்கள். ஒரே குதிரை என்றாலும் வலப்பக்கம்தான். நாம் இடப்புறம் ஓட்டுகிறோம், சாலை இடப்பக்கம் சரிந்திருக்கும். தலைக்கயிற்றை இழுத்ததும் அவிழும் முடிச்சாகப் போடுங்கள், தலையைத் தாழ்த்தும் அளவுக்குத் தளர விடுங்கள். அந்தியூர் மாதிரி தூரம் என்றால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டி, கயிற்றை அவிழ்த்துத் தலையைக் கீழே போட விடுங்கள். தலை நிமிர்ந்தே நின்றால் மூக்குத் தூசியும் சளியும் வடியாமல் உள்ளே இறங்கி நுரையீரலைப் பிடித்துவிடும். சித்திரை, வைகாசியில் விடியுமுன் கிளம்புங்கள், பின்பக்கத்தைத் தார்ப்பாயால் மூடாதீர்கள்.

இறக்கும்போது முதலில் தலைக்கயிறு, அதன் பிறகுதான் பின்கட்டை. இதை மாற்றிச் செய்தால் குதிரை பின்னால் போகும், கயிறு இழுக்கும், அது மிரண்டு தலையைத் தூக்கிக் கூரையில் இடித்துக்கொள்ளும்.