ட்ராம்போலினை முதலில் கழற்றுங்கள்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் காற்றைப் பற்றியவை. அட்லாண்டிக்கைக் கடந்து ஒரு சூறாவளியின் எச்சம் வருகிறது என்ற செய்தி பலருக்கு வயிற்றில் புளியைக் கரைத்திருக்கிறது. நான் வானிலை அறிஞர் இல்லை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஏர்ஷயரில், ஒரு கவுன்சிலின் வீடு பழுதுபார்க்கும் பிரிவில் 22 ஆண்டுகள் இரவுத் தொலைபேசியில் இருந்தவள். காற்று ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதில் பாதியை அந்தத் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மீதியைக் கூரைத் தொழிலாளர்கள் விடியற்காலையில் தேநீர்க் கோப்பையோடு வந்து சொன்னார்கள்.

“சூறாவளி வலுவிழந்துவிட்டது, எச்சம்தான் வருகிறது என்கிறார்கள். எச்சத்துக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?” (வாசகர், லிவர்பூல்)

அந்தச் சொல்தான் ஏமாற்றுகிறது. தட்டில் மிஞ்சிய சோறு போல நினைக்கத் தோன்றும். சூறாவளி வெதுவெதுப்பான கடலைத் தின்று வளர்வது. ஏறக்குறைய 26, 27 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீர் அதற்கு வேண்டும். வடக்கே வரவரக் கடல் குளிர்ந்து, நடுவில் இருக்கும் கண் கலைந்து, உச்ச வேகம் இறங்குகிறது. வலுவிழந்தது என்று சொல்வது அந்த அளவில் சரி. ஆனால் நம் தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் ஜெட் காற்று என்ற வேகமான காற்றோட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கீழே வந்து, தெற்கிலிருந்து சூறாவளி சுமந்துவரும் சூடும் ஈரமும் வடக்கின் குளிர்காற்றோடு மோதும்போது சூறாவளிக்குப் புதிய தீனி கிடைத்துவிடுகிறது. இறுக்கி முறுக்கிய கயிறு பிரிந்து அகல்வது போல, கடுங்காற்று வீசும் பரப்பும் விரிந்துவிடுகிறது.

2017 அக்டோபரில் ஒபிலியா அட்லாண்டிக்கின் அசோர்ஸ் தீவுகளுக்குத் தெற்கே மூன்றாம் வகைச் சூறாவளியாக (வகைகள் மொத்தம் ஐந்து) இருந்தது. இரண்டு நாள் கழித்து, 16ஆம் தேதி, ‘முன்னாள் சூறாவளி’ என்ற பட்டத்தோடு அயர்லாந்தில் ஏறியது. கார்க் துறைமுகத்தின் வாயிலில் உள்ள ரோச்சஸ் பாயின்ட்டில் மணிக்கு 156 கிலோமீட்டர் வேகத்தில் வீச்சு, அதாவது திடீரென எழுந்து அடங்கும் காற்று, பதிவானது. நாடு முழுவதும் பள்ளிகள் இரண்டு நாள் மூடப்பட்டன. 1961 செப்டம்பரில் டெபி என்ற சூறாவளி வந்தபோது அயர்லாந்துத் தீவில் 18 பேர் இறந்தார்கள். முன்னாள் பெரிய மனிதர்கள் சிலரைப் போலத்தான் இதுவும்: பதவி போயிருக்கும், கை நீளம் குறைந்திருக்காது.

இன்னொன்று இலை. இந்த எச்சங்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை வருகின்றன. ஜனவரிக் காற்று மொட்டைக் கிளைகளுக்கு நடுவே புகுந்து போய்விடும். செப்டம்பரில் மரம் இலையோடு நிற்கிறது. முழு மரமும் ஒரு கப்பல் பாய். அடியில் மழையில் ஊறிய மண். 1987 அக்டோபரில் தென்கிழக்கு இங்கிலாந்தில் ஒன்றரைக் கோடி மரங்கள் ஒரே இரவில் சாய்ந்தன. அது சூறாவளியின் எச்சம் அன்று. ஆனால் இலையும் ஈர மண்ணும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஏழு ஓக் மரங்களால் பெயர் பெற்ற செவனோக்ஸ் ஊரில் அன்று ஆறு போயின.

“மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவலைப்பட வேண்டாம்தானே?” (வாசகி, ஹாரோ)

தவறு. நிறம் காற்றின் வேகத்தை மட்டும் சொல்வதில்லை. பாதிப்பு எவ்வளவு, அது நடக்க வாய்ப்பு எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்துத்தான் மஞ்சள், ஆம்பர், சிவப்பு என்று தருகிறார்கள். ‘பெரிய சேதம், ஆனால் இன்னும் உறுதியில்லை’ என்பதும் மஞ்சளாகவே இருக்கலாம். நிறத்துக்குக் கீழே உள்ள இரண்டு வரியைப் படியுங்கள்.

“அப்பா 1978 மட்டக்களப்புச் சூறாவளியைப் பார்த்தவர். இங்கத்தைய காற்றெல்லாம் ஒரு காற்றா என்று சிரிக்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது, அக்கா?” (வாசகி, க்ளாஸ்கோ)

தங்கச்சி, உங்கள் அப்பாவோடு எனக்குச் சண்டையில்லை. நானும் மட்டக்களப்புக்காரிதான். அந்த நவம்பரில் எனக்குப் பதினொரு வயது. கதவுக்கு உலக்கையை முட்டுக் கொடுத்து, அதன்மேல் அப்பா முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். விடிந்தபோது தென்னைகளுக்குத் தலையில்லை. அதோடு ஒப்பிட்டால் இங்கே வருவது சின்னதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒபிலியாவின் நாளில் அயர்லாந்தில் இறந்த மூவரையும் அவரிடம் சொல்லிப் பாருங்கள். இருவர் காரில் போகும்போது மரம் விழுந்தது. மூன்றாமவர் சாலையில் விழுந்த மரத்தைச் சங்கிலி ரம்பத்தால் அறுக்கப் போனவர். வீட்டுக்குள் இருந்தவர் ஒருவரும் இல்லை. இங்கே வீடுகள் செங்கல்லும் கல்லுமானவை. உள்ளே இருப்பவர்களைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். ‘இதெல்லாம் ஒரு காற்றா’ என்று கார்ச் சாவியை எடுப்பவரைத்தான் காப்பாற்ற முடியாது. அப்பாவின் கார்ச் சாவியை அன்றைக்கு நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்கட்டும், சோபாவில் உட்கார்ந்து சிரிக்கட்டும்.

“முந்தின நாள் என்னென்ன செய்ய வேண்டும்? பட்டியல் தாருங்கள்.” (வாசகர், மில்டன் கீன்ஸ்)

பட்டியலைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு மறந்துவிடுவீர்கள் என்று தெரியும். அதனால் பட்டியல் இல்லை. இருட்டுவதற்கு முன் தோட்டத்துக்குப் போய் நடுவில் நின்று சுற்றிப் பாருங்கள். உங்கள் ஒரு கையால் தூக்கக்கூடியது எதையும் காற்று தூக்கும்.

2011 செப்டம்பர் 12, கத்தியா சூறாவளியின் எச்சம் வந்த நாள். டூர் ஆஃப் பிரிட்டன் சைக்கிள் பந்தயத்தின் அன்றைய கட்டத்தையே ரத்துசெய்தார்கள். அன்று எனக்கு வந்த அழைப்புகளில் கூரையைவிட, பிள்ளைகள் குதித்து விளையாடும் ட்ராம்போலின்கள்தான் அதிகம். ஒருவருடைய ட்ராம்போலின் மூன்று வேலிகளைத் தாண்டி நான்காம் வீட்டுச் சமையலறை ஜன்னலில் சாய்ந்து நின்றது. அந்த வீட்டம்மா அழவில்லை, கத்தவில்லை. “என்னிடம் பிள்ளைகளே இல்லை, இதை நான் என்ன செய்ய?” என்று மட்டும் கேட்டார். சுற்றியிருக்கும் வலைதான் பாயாக வேலை செய்கிறது. வலையைக் கழற்றுங்கள், முடிந்தால் சட்டகத்தையும் பிரித்துக் கொட்டகைக்குள் போடுங்கள். நான்கு செங்கல்லை மேலே வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள். வேகம் இரு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகிறது. 40 மைல் காற்றில் அசையாமல் நின்ற செங்கல் 80 மைல் காற்றில் ட்ராம்போலினோடு சேர்ந்து போய்விடும்.

சக்கரம் வைத்த குப்பைத் தொட்டிகளை மூடியும் மூடியும் முகம் பார்க்கச் சுவரோரம் நிறுத்தி, ஒரு பட்டையால் சேர்த்துக் கட்டுங்கள். குப்பை எடுக்கும் நாளாக இருந்தாலும் வெளியே வைக்காதீர்கள். காலித் தொட்டி ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். காரை மரத்தடியிலிருந்தும் கூரை விளிம்புக்கு நேர் கீழிருந்தும் நகர்த்துங்கள். மழைநீர்க் கால்வாயில் அடைத்திருக்கும் இலையை வாருங்கள், ஏனென்றால் காற்றோடு மழையும் வரும்.

கூரையை நிலத்தில் நின்றபடியே பாருங்கள். பிள்ளைகளின் பைனாகுலர் இருந்தால் நல்லது. பழைய ஸ்லேட் (மெல்லிய கல் ஓடு) கூரைகளில் ஓடு உடைவதைவிட ஆணி துருப்பிடித்து விடுவதுதான் பெரும் தொல்லை. ஒரு ஸ்லேட் இரண்டு அங்குலம் கீழே சரிந்து, பல்வரிசையில் ஒரு பல் மட்டும் நீண்டிருப்பது போலத் தெரிந்தால் அதன் ஆணி போய்விட்டது. பக்கத்து ஸ்லேட்டின் ஆணிக்கும் அதே வயதுதான். கடல் காற்றுக்கான போஃபோர்ட் அளவுகோலை நிலத்துக்கு விரித்து எழுதியவர்கள் ஒன்பதாம் எண்ணுக்கு, அதாவது மணிக்கு 47 மைல் முதல் 54 மைல் வரை வீசும் கடுங்காற்றுக்கு, கொடுத்த அடையாளமே புகைபோக்கித் தொப்பியும் ஸ்லேட்டும் விழும் என்பதுதான். ஆக, அது நடந்தால் உங்கள் வீடு மட்டும் சபிக்கப்பட்டது என்று எண்ண வேண்டாம்.

காற்று ஒரே திசையில் வரும் என்றும் நினைக்காதீர்கள். தாழ்வழுத்தம் கடந்துபோகையில் தெற்கிலிருந்து தென்மேற்கு, மேற்கு என்று திரும்பும். நடுவே சற்று ஓய்ந்தது போல இருக்கும். உடனே செருப்பை மாட்டிக்கொண்டு வேலியைப் பார்க்கப் போவோம். அப்போதுதான் அது வேறு திசையிலிருந்து திரும்பி அடிக்கும். மேற்கிலிருந்து வரும் மேல்காற்றுக்குத் தமிழில் கோடை என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் ஏர்ஷயர் கரையில் ஒருநாள் நின்றிருந்தால் வேறு பெயர் யோசித்திருப்பார்.

“ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகிக் கூரை தப்பும் என்கிறாரே என் மைத்துனர்?” (வாசகர், லெஸ்டர்)

மைத்துனரைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள், அவர் வீட்டில். உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து மேலே தள்ளும். எல்லாவற்றையும் மூடுங்கள். கராஜ் கதவையும், மாடியில் பரண் வாசலையும்.

“மின்சாரம் போனால்? வயதான மாமியாருக்கு மின்சாரக் கட்டிலும் மூச்சுக் கருவியும் இருக்கின்றன.” (வாசகி, கார்டிஃப்)

இன்றைக்கே உங்கள் பகுதி மின்விநியோக நிறுவனத்தில் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் அவர் பெயரைச் சேருங்கள். இலவசம். மின்தடை நேரத்தில் இவர்களைத் தனியாகக் கவனிப்பார்கள். ஆனாலும் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. கருவியின் மாற்று மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும், அதற்குப் பிறகு எங்கே போவது என்று அவருடைய மருத்துவக் குழுவிடம் காற்று வருவதற்கு முன்பே கேட்டு எழுதி வையுங்கள். மின்தடையைச் சொல்ல பிரிட்டனில் 105. அதுவும் இலவசம்.

பலரும் மறப்பது வீட்டுத் தொலைபேசி. இப்போது பெரும்பாலான இணைப்புகள் இணைய வழியே வருகின்றன. மின்சாரம் போனால் அதுவும் செத்துவிடும். கைபேசியை முந்தின இரவே முழுவதும் சார்ஜ் செய்யுங்கள், ஒரு பவர் பேங்கையும் சேர்த்து. குளிர்பதனப் பெட்டியைத் திறக்காமல் விட்டால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம். எட்டிப் பார்ப்பதற்காகத் திறக்காதீர்கள்.

வெளிச்சத்துக்கு டார்ச். மெழுகுவர்த்தி வேண்டாம். சாமி விளக்கையும் அன்று சீக்கிரம் குளிரவைத்துவிடுங்கள், தெய்வம் கோபிக்காது. முகாம் அடுப்பையோ பார்பிக்யூவையோ வீட்டுக்குள் மூட்டவே கூடாது. அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு மணமில்லை.

“புயல் நேரத்தில் கூரையில் ஓட்டை விழுந்தால் உடனே தார்ப்பாய் போடலாமா? காப்புறுதி கிடைக்குமா?” (வாசகர், அபர்டீன்)

ஒரு இரவு மூன்று மணிக்கு ஒரு பெண் அழைத்தார். பின்னணியில் சீட்டுக்கட்டைக் குலுக்குவது போல ஓர் ஓசை, விட்டு விட்டு. ஸ்லேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிகின்றன. “கணவர் ஏணியை எடுக்கிறார், தார்ப்பாயும் வைத்திருக்கிறார்” என்றார். என் மேசையில் இருந்த நடைமுறைத் தாளில் இதற்கு எதுவும் எழுதியிருக்கவில்லை. “தொலைபேசியை அவரிடம் கொடுங்கள்” என்றேன். அந்த மனிதரிடம் வாளி எத்தனை இருக்கிறது, எந்த அறையில் ஒழுகுகிறது, மின்விளக்குக்குப் பக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பக்கம்தான் என்றார். அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னேன். பரணில் இருந்த பெட்டிகளை நகர்த்தச் சொன்னேன். கூரையின் உட்பலகை நீர் தேங்கித் தொங்கியது. கீழே வாளியை வைத்து ஒரு ஸ்க்ரூ டிரைவரால் சிறு துளை போடச் சொன்னேன், மொத்தமாக இடிந்து விழாமல் இருக்க. 40 நிமிடம் பேசினோம். ஏணி கொட்டகையை விட்டு வரவேயில்லை. உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்: காற்று நிற்கும்வரை வாளி, நின்ற பிறகு தார்ப்பாய், அதுவும் தெரிந்த தொழிலாளி கையால். மறுநாள் கதவைத் தட்டி “உங்கள் கூரையைப் பார்த்தேன், இப்போதே பணம் தந்தால் மலிவு” என்று சொல்பவருக்குக் கதவைச் சாத்துங்கள்.

காப்புறுதிக்கு வருவோம். அங்கே இரண்டு வாசல்கள் இருக்கின்றன. முதலாவது, அது புயல்தானா? பிரிட்டனில் காப்புறுதியாளர் சங்கத்தின் வரையறை மணிக்கு 55 மைல் வீச்சு. அருகிலுள்ள வானிலை நிலையத்தின் பதிவைப் பார்ப்பார்கள். இரண்டாவது, சேதத்துக்குக் காரணம் புயலா, அல்லது நாட்பட்ட தேய்மானமா? துருப்பிடித்த ஆணியைக் காட்டி இல்லையென்றுவிட அவர்களுக்கு இதுதான் வழி. எனவே காற்று வருவதற்கு முன், பகல் வெளிச்சத்தில், கூரையின் நான்கு பக்கத்தையும் வேலியையும் படம் எடுத்து வையுங்கள். ஐந்து நிமிட வேலை. பிறகு சேதத்தையும் அதே கோணத்தில் எடுங்கள். தற்காலிக வேலைக்கான ரசீதை வைத்திருங்கள். உடைந்த ஸ்லேட்டைக் குப்பையில் போடாதீர்கள்.

வேலிக்கும் படலைக்கும் மட்டும் நம்பிக்கை வேண்டாம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் புயல் சேதத்திலிருந்து அவற்றை விலக்கியிருப்பார்கள். 22 ஆண்டுகள் ஊருக்கெல்லாம் இதைச் சொன்ன நான் என் ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை. ஆறு வேலிப் பலகைகளுக்கு என் கைக்காசுதான் போனது.