ராஜாவை விற்றவர்களா?

கேள்வி: இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதலாம் சார்லஸை எதிர்த்து முதலில் கிளம்பியவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். பிறகு தங்களிடம் அடைக்கலம் தேடி வந்த அதே ராஜாவைக் காசு வாங்கிக்கொண்டு ஒப்படைத்தார்கள். அவர் தலை போனதும் அவருடைய மகனுக்கே முடிசூட்டினார்கள். இவர்களோடு பார்த்தால் ஆலிவர் குரோம்வெல் எவ்வளவு உறுதியான கொள்கைத் தலைவர்! இந்தப் பச்சோந்திகளைப் புரட்சிக்காரர்கள் என்று எப்படிச் சொல்வது?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: சொல்ல வேண்டாம். அவர்களும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. முடியாட்சியை ஒழிக்கக் கிளம்பியவர்கள் என்று நீங்களாக ஒரு கொள்கையை அவர்கள் தலையில் கட்டிவிட்டு, அதிலிருந்து வழுவிவிட்டார்கள் என்று திட்டுகிறீர்கள்.

அவர்கள் கேட்டது வேறு. ராஜா இருக்கட்டும், ஆனால் கட்டுப்பட்டு இருக்கட்டும். திருச்சபை விவகாரத்தில் வாலாட்டாமல் இருக்கட்டும். இது சார்லஸ் காலத்தில் முளைத்த யோசனையும் இல்லை. அவருடைய அப்பா, ஸ்காட்லாந்து ராஜா ஆறாம் ஜேம்ஸின் சட்டைக் கையைப் பிடித்து, ‘நீர் கடவுளின் அற்ப ஊழியர்தான், கிறிஸ்துவின் ராஜ்யத்தில் நீர் ராஜா இல்லை, வெறும் உறுப்பினர்’ என்று முகத்துக்கு நேரே சொன்னார் ஆண்ட்ரூ மெல்வில் என்ற போதகர். இது நடந்தது 1596-ல், ஃபாக்லாந்து அரண்மனையில். அதற்கும் முன்பே, 1579-ல், ஜேம்ஸின் ஆசிரியர் ஜார்ஜ் புக்கானன், ராஜா சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், கொடுங்கோலனை மக்கள் நீக்கலாம் என்று எழுதி அதை மாணவருக்கே சமர்ப்பித்திருந்தார். அந்த மாணவர் வளர்ந்து, அரசர்கள் கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டியவர்கள் என்று தானே எழுதினார். வாத்தியார்கள் தலைவிதி அது.

இரண்டு நாட்டுக்கும் ராஜாவான சார்லஸ் செய்த காரியம் என்ன? ஸ்காட்லாந்து பார்லிமென்டையும் கேட்கவில்லை, திருச்சபையின் பொதுப் பேரவையையும் கேட்கவில்லை. புதிய ஜெபப் புத்தகத்தை மேலிருந்து இறக்கினார். 1637 ஜூலை 23 அன்று எடின்பரோவின் செயின்ட் ஜைல்ஸ் ஆலயத்தில் அதைப் படிக்க ஆரம்பித்ததும் ரகளை. ஜென்னி கெடஸ் என்ற பெண் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தூக்கி வீசினாள் என்பது அந்த ஊர் இன்றும் சொல்லி மகிழும் கதை. அடுத்த ஆண்டு பிப்ரவரி 28-ல் கிரேஃப்ரையர்ஸ் ஆலயத்தில் தேசிய உடன்படிக்கையில் கையெழுத்து ஆரம்பித்தது. அதில் ராஜாவுக்கு எதிராக ஒரு வரி கிடையாது. மாறாக, ராஜாவையும் அவர் அதிகாரத்தையும் காப்போம் என்று சத்தியம் செய்கிறார்கள். கூடவே, உண்மையான மதத்தையும் நாட்டின் சட்டத்தையும் காப்பதற்காக என்று ஒரு கொக்கியும் போடுகிறார்கள். அடுத்து நடந்தது எல்லாம் அந்தக் கொக்கியில் தொங்குகிறது.

1640-ல் அவர்கள் படை எல்லை தாண்டி இங்கிலாந்துக்குள் வந்து, நியூபர்னில் ஜெயித்து, நியூகாசிலைப் பிடித்தது. அது திரும்பிப் போகும்வரை நாளொன்றுக்கு 850 பவுண்டு படிக்காசு தருவதாகச் சார்லஸ் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. கையில் காசு இல்லை. 11 ஆண்டுகள் பார்லிமென்டைக் கூட்டாமல் ஆண்டு, அந்த ஆண்டு கூட்டியதையும் மூன்றே வாரத்தில் கலைத்த மனிதர், மறுபடி கூட்ட வேண்டியதாயிற்று. அந்தப் பார்லிமென்டில்தான் கேம்பிரிட்ஜ் உறுப்பினராகக் குரோம்வெல் உட்கார்ந்திருந்தார். உங்கள் கொள்கைத் தலைவருக்கு மேடை போட்டுக் கொடுத்ததே இந்தப் பச்சோந்திகள்தான்.

சரி, காசு விஷயம். 1644 ஜனவரியில் சுமார் 20,000 ஸ்காட்லாந்து வீரர்கள், ராஜாவோடு போரிட்ட இங்கிலாந்து பார்லிமென்டுக்கு உதவியாக வந்தார்கள், சம்பளம் லண்டன் தரும் என்ற ஒப்பந்தத்தோடு. சம்பளம் ஒழுங்காக வரவில்லை. 1646 மே மாதம் தோற்றுப்போன சார்லஸ் அவர்கள் முகாமுக்கு வந்து சேர்ந்தார். அவரை நியூகாசிலுக்குக் கூட்டிப்போய், உடன்படிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி மாதக்கணக்கில் மன்றாடினார்கள். உடன்படிக்கையை எழுதியவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹெண்டர்சனே, சாவதற்குச் சில வாரம் முன்புவரை ராஜாவோடு மாற்றி மாற்றி எழுதி வாதாடினார். ராஜா மசியவில்லை. மசியாத ராஜாவை வீட்டுக்குக் கொண்டுபோனால் லண்டனோடு போர். கடைசியில் சம்பளப் பாக்கிக்கு 4 லட்சம் பவுண்டு என்று பேசி, பாதியை முன்பணமாக வைத்து, 1647 ஜனவரி 30-ல் அவரை விட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

நாற்றமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பாக்கி வசூலும் ராஜாவை ஒப்படைப்பதும் ஒரே வாரத்தில் நடந்தால் ஊர் எப்படிப் பேசும் என்று அவர்களுக்குத் தெரியாதா? ஆனால் அவர்கள் ஒப்படைத்தது பார்லிமென்டிடம். அங்கே பெரும்பான்மை ராஜாவோடு சமரசம் பேசத்தான் நினைத்தது. அவரை விசாரணைக்கு நிறுத்த வேண்டும் என்றபோது, அதே பார்லிமென்டின் வாசலில் 1648 டிசம்பர் 6 அன்று சிப்பாய்களை நிறுத்தி, ஒத்துவராத உறுப்பினர்களை ராணுவம் வெளியே தள்ள வேண்டியிருந்தது. தலை விழுந்தது 1649-ல், அதுவும் ஜனவரி 30.

அந்தத் தலை ஸ்காட்லாந்து ராஜாவின் தலையும்தான் என்பதை மறந்துவிடுகிறீர்கள். லண்டனில் இருந்த அவர்களுடைய பிரதிநிதிகள் ஆட்சேபித்தும் பயன் இல்லை. பிப்ரவரி 5-ல் எடின்பரோ மகனை ராஜாவாக அறிவித்தது. ஆனால் சும்மா கொடுக்கவில்லை. 1650 ஜூனில் அவர் ஸ்பே ஆற்று முகத்துவாரத்தில் கரையிறங்கும் முன்பே கப்பலில் வைத்து உடன்படிக்கைக்குச் சத்தியம் வாங்கினார்கள். ஆகஸ்டில் அப்பாவின் பாவத்துக்கும் கத்தோலிக்க அம்மாவின் விக்கிரக வழிபாட்டுக்கும் வருந்துவதாகப் பிரகடனம் எழுதி வாங்கினார்கள். 1651 ஜனவரி 1-ல் ஸ்கோனில் முடிசூட்டும் முன், ராஜாவின் அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்று ராபர்ட் டக்ளஸ் என்ற போதகர் நீளமாகப் பிரசங்கம் செய்தார். 1596-ல் சொன்னதையே 1651-லும் சொல்கிற பச்சோந்தியை நான் பார்த்ததில்லை.

அவர்களைத் திட்ட வேண்டுமானால் இந்தப் பிடிவாதத்துக்காகத் திட்டுங்கள். மனசில் ஒரு துளி நம்பிக்கை இல்லாத இருபது வயது இளைஞனைச் சத்தியம் செய்ய வைத்து, அது செல்லும் என்று நம்பினார்கள். குரோம்வெல் படையோடு வாசலில் நிற்கும்போது, பக்தி போதாது என்று தங்கள் படையிலிருந்தே ஆயிரக்கணக்கானவர்களைக் கழித்துக்கட்டினார்கள். ‘நீங்கள் தவறாக இருக்கலாம் என்று நினைத்துப் பாருங்கள்’ என்று குரோம்வெல்லே அவர்களுக்குக் கடிதம் எழுதினார். நினைக்கவில்லை. 1650 செப்டம்பர் 3-ல் டன்பாரில் நொறுங்கினார்கள்.

இனி உங்கள் கொள்கைத் தலைவர். ‘ராஜாவைத் தொண்ணூற்றொன்பது தடவை தோற்கடித்தாலும் அவர் ராஜாதான், அவர் ஒரு தடவை ஜெயித்தால் நமக்குத் தூக்குதான்’ என்று பார்லிமென்ட் படைத் தளபதி மான்செஸ்டர் பிரபு 1644-ல் புலம்பியபோது, ‘அப்படியென்றால் ஆயுதம் ஏன் எடுத்தோம்?’ என்று கேட்டவர் குரோம்வெல். அந்தத் துணிச்சலுக்கு யாரும் எழுந்து நிற்கலாம். அப்புறம்? 1653-ல் சிப்பாய்களைக் கூட்டிவந்து மிச்சம் இருந்த பார்லிமென்டையும் விரட்டினார். அந்த டிசம்பரில் நாட்டின் ‘காவலர்’ (லார்ட் புரொடெக்டர்) என்ற ஆட்சித் தலைவர் பட்டம். 1657-ல் கிரீடம் கொடுத்தார்கள். வாரக்கணக்கில் யோசித்து வேண்டாம் என்றார். ஆனால் ஜூன் 26-ல் ஊதா அங்கி, செங்கோலோடு அவர் உட்கார்ந்தது எதில்? அரசர்கள் முடிசூடும் நாற்காலியில். அதன் அடியில் இருந்தது, முதலாம் எட்வர்ட் 1296-ல் ஸ்கோனிலிருந்து பறித்துவந்த கல், ஸ்காட்லாந்து அரசர்கள் முடிசூடிய கல். வாரிசை நியமிக்கும் உரிமையும் கிடைத்தது. வந்தவர் மகன் ரிச்சர்ட்.

ஸ்காட்லாந்துக்காரர்களுக்குக் கிடைத்த பலனும் மோசம்தான். 1660-ல் திரும்பி வந்த இரண்டாம் சார்லஸ், அவர்கள் வேண்டாம் என்ற பிஷப்புகளைத் திரும்பக் கொண்டுவந்தார், தான் சத்தியம் செய்த உடன்படிக்கையையே சட்டவிரோதம் ஆக்கினார். ஸ்கோனில் அவர் தலையில் கிரீடம் வைத்த ஆர்கைல் பிரபுவின் தலையை 1661 மே மாதம் வெட்டினார்கள். ஆனால் 1689-ஐயும் படியுங்கள். சார்லஸின் தம்பி ஜேம்ஸ் ஓடிப்போனபோது, அவர் தானாகவே ஆட்சியை விட்டுவிட்டார் என்று லண்டன் பூசி மெழுகியது. எடின்பரோ, செய்த தவறுகளால் கிரீடத்தின் மீதான உரிமையை அவர் இழந்துவிட்டார் என்று தீர்மானம் போட்டது. பிஷப்புகள் வேண்டாம் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் ஜேம்ஸின் மகள் மேரியிடமும் அவர் கணவர் வில்லியமிடமும் கிரீடத்தை நீட்டியது.