புரியாததற்குத் தலையாட்டாதே, மகளே

கேள்வி: தக்கலைக்குப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த நான், ஜெர்மனியில் மூன்றாண்டுச் செவிலியர் தொழிற்பயிற்சியில் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. மொழித் தேர்வில் தேறித்தான் வந்தேன். ஆனாலும் வார்டில் பேசுவது பாதிதான் புரிகிறது. மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. உடன் பணிபுரிகிறவர்கள் டூட்டி முடிந்ததும் தங்கள் வழியே போய்விடுகிறார்கள். அம்மாவிடம் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, போனை வைத்ததும் அழுகிறேன். திரும்பிவிடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்பு மகளே, இந்தக் குளிர்காலத்தில் அந்த முடிவை எடுக்காதே. கன்னியாகுமரியில் ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூடப் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. பெர்லினில் டிசம்பர் பிற்பாதியில் பகல் எட்டு மணி நேரத்தைக்கூட எட்டுவதில்லை. வெயிலில் வளர்ந்த உடம்பு அதில் சோர்ந்துபோவது இயல்பு. விடுமுறை நாளில் நண்பகலில் கட்டாயம் வெளியே நடந்து வா. அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார். உன் மருத்துவக் காப்பீடு அதற்கும் சேர்த்துத்தான்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வார்டுதான். பெரியவர்கள் சொன்னால், புரிந்தாலும் புரியாவிட்டாலும், தலையாட்டுவதை மரியாதை என்று நம் வீடுகளில் பழக்கியிருக்கிறோம். ஷிப்ட் மாறும்போது ஒரு முதியவரின் இன்சுலின் அளவைச் சொல்கையில் நீ அப்படித் தலையாட்டினால், அது அவர் உயிரோடு விளையாடுவதாகிவிடும். “நான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள்” என்னும் வாக்கியத்தை அவர்கள் மொழியில் மனப்பாடம் செய்துகொண்டு, ஒவ்வொரு ஷிப்டிலும் கூசாமல் சொல். கேட்பவளை அங்கே பொறுப்பானவள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 2020இல் நடைமுறைக்கு வந்த பயிற்சி விதிகளின்படி, செய்முறைப் பயிற்சியில் குறைந்தது 10 சதவீத நேரம் பயிற்றுநர் உன்னுடன் இருந்து கற்பிக்க வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது உன் உரிமை. முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம் என்பதால், அது முடியுமுன் அவரிடம் தனியே உட்கார்ந்து பேச நேரம் கேள்.

சக பணியாளர்கள் உன்னை வெறுத்து விலகுவதாக நினைக்காதே. வேலையையும் வீட்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்வது பெரும்பாலும் அங்கத்திய வழக்கம். பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அங்கே வழக்கம். உன் பிறந்தநாளுக்கு நம்மூர் முந்திரிக்கொத்து செய்துகொண்டு போ. சிறுபயறும் வெல்லமும் ஆசியக் கடைகளில் கிடைக்கும்; பாகின் பதத்தை அம்மாவிடம் வீடியோ அழைப்பில் காட்டிக் கேள். அப்போதே உன் கஷ்டத்தையும் சொல்லிவிடு. தாய்க்குத் தெரியாமல் அழுவதால் உனக்குப் பாரம்தான் கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த இடம் ஒத்துவரவில்லை என்றால், சொல்லாமல் கிளம்பிவிடாதே. பயிற்சி நின்றால் இரண்டு வாரத்துக்குள் குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உன் தவறல்லாத காரணத்தால் நின்றிருந்தால், வேறு பயிற்சியிடம் தேட ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு. ஏஜென்சியோடு போட்ட ஒப்பந்தத்தில், இடையில் விலகினால் என்ன பணம் கட்ட வேண்டும் என்பதையும் இப்போதே எடுத்துப் படித்துவிடு.