எஸ்எம்பிஎஸ்ஸில் (கரன்ட்டை டிசியா மாத்திக் கொடுக்குற பவர் சப்ளை) ஃபியூஸ் நல்லா இருக்கு, ஆனா அவுட்புட் வரலை. போர்டையே மாத்தணுமா?

மாத்த வேண்டாம். யாரோ "ஐசி போச்சு, புது போர்டு வாங்குங்க"ன்னு சொல்லியிருப்பாங்க, அதான் கேக்குறீங்க. சரியா?

இப்படித்தான் ஒரு மானிட்டர் போர்டு எங்கிட்ட வந்துச்சு. ஏற்கெனவே ஒரு இடத்துல கைவிட்டது. பெரிய கப்பாசிட்டர்ல 320 வோல்ட் டிசி நிக்குது, அப்போ ஏசியை டிசியாக்குற பிரிட்ஜ் வரைக்கும் சரி. அவுட்புட் பக்கத்து (செகண்டரி) டயோடு ஷார்ட்டானாலும் சப்ளை இப்படி எழும்பாது, அதனால முதல்ல அதைப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. கன்ட்ரோல் ஐசி யூசி 3842. அதோட 7வது கால்ல, அதாவது சப்ளை கால்ல, மீட்டரை வச்சா எண் மெதுவா 16 வரை ஏறுது, டக்னு விழுது, மறுபடி ஏறுது. அந்த ஐசி 16 வோல்ட்ல முழிக்கும், 10க்குக் கீழ போனா தூங்கிடும். முழிச்சதும் டிரான்ஸ்ஃபார்மரோட துணைச் சுற்று பவர் கொடுக்குற வரைக்கும் பக்கத்துல இருக்குற சின்ன கப்பாசிட்டர்தான் தாக்குப்பிடிக்கணும். இதுல அது சூடாகுற ஹீட்சிங்க்கை ஒட்டி இருந்த ஒரு 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். தலை உப்பவே இல்லை, பார்க்கப் புதுசு மாதிரி. கழட்டி ஈஎஸ்ஆர் மீட்டர்ல (கப்பாசிட்டரோட உள் தடையை அளக்குறது) வச்சா 20 ஓமுக்கு மேல காட்டுது, அதாவது கெட்டுப்போச்சு. அதை மட்டும் மாத்தினேன், 105 டிகிரி சூடு தாங்குற ரகமா. போர்டு ஓடுச்சு.

உங்க போர்டுல அந்தக் கால்ல ஒண்ணுமே வரலைன்னா ஐசிக்கு முதல் சப்ளை கொடுக்குற ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டர் ஓப்பனான்னு பாருங்க.

"ஐசியையும் சேர்த்து மாத்தணும், அதுதான் முறை"ன்னு யாராவது கீழ வருவீங்க. தாராளமா மாத்துங்க. நான் அளந்து பார்த்து மாத்துற ஆளு. ஷார்ட் இருந்தா போர்டு வெடிக்காம இருக்க, லைன்ல சீரிஸா ஒரு பல்ப் போட்டுத்தான் ஆன் பண்ணினேன். பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைச் சரிசெய்யுற சர்க்யூட்) உள்ள சப்ளையில பல்ப் மினுக்கி ஏமாத்தும்னும் தெரியும், இது அந்த ரகம் இல்லை. ஆஃப் பண்ணின பிறகும் பெரிய கப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும். ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்ணாதீங்க, 10 வாட் ரெசிஸ்டர் ஒண்ணை வச்சு இறக்கிட்டு, மீட்டர்ல பார்த்துட்டுக் கை வைங்க.

போர்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "ஒரு கப்பாசிட்டர்தானே மாத்தினீங்க, இதுக்குப் போய் கூலியா?" புது போர்டுன்னா மறுபேச்சு இல்லாம கொடுத்திருப்பார். அளக்குறவனுக்கு மரியாதை இல்லாததாலதான் எல்லாரும் "ஐசி போச்சு"ன்னு சொல்லிட்டுப் போறாங்க.

சரி, உங்க ஐசி நம்பரையும், அதோட சப்ளை கால்ல என்ன வருதுன்னும் எழுதுங்க, பார்க்கலாம்.