பிசிஆரில் கேம்பைலோபாக்டர், கையில் சிப்ரோ மாத்திரை: தொடரவா?

நான்கு நாளாகப் பேதி, டாக்டர் முதல் நாளே சிப்ரோஃப்ளாக்சசின் (சிப்ரோ) என்ற ஆன்டிபயாட்டிக் எழுதிவிட்டார், இப்போது மலப் பரிசோதனை பிசிஆரில் (கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் சோதனை) கேம்பைலோபாக்டர் (பேதியை உண்டாக்கும் ஒரு பாக்டீரியா) என்று வந்திருக்கிறது, மாத்திரையைத் தொடரவா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக முடிவெடுக்காமல் இன்றைக்கே ரிசல்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள். இந்தக் கிருமி பல இடங்களில் சிப்ரோவுக்கு மசிவதில்லை, மருந்து தேவைப்பட்டால் பெரும்பாலும் அசித்ரோமைசின் என்ற வேறு ஆன்டிபயாட்டிக்தான். தேவையா என்பதே முதல் கேள்வி: காய்ச்சல் விட்டு, பேதியும் குறைந்திருந்தால், பொதுவாக ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும், உப்புச்சர்க்கரைக் கரைசல் போதும்.

பிசிஆர் சில மணி நேரத்தில் பெயரைச் சொல்லிவிடும், ஆனால் அது பார்ப்பது டிஎன்ஏவை மட்டுமே, எந்த மருந்து வேலை செய்யும் என்று தெரிய கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வேண்டும், அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். மாத்திரை ஆரம்பித்த பிறகு எடுத்த சாம்பிளில் கிருமி வளராமலும் போகலாம் (முதலில் சாம்பிள், அப்புறம் மாத்திரை என்பது இதனால்தான்). ரிப்போர்ட்டில் ஷிகா டாக்சின் (சில ஈ.கோலை போன்ற கிருமிகள் விடும் நச்சு) பாசிட்டிவ் என்றும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கதையே வேறு, அதில் ஆன்டிபயாட்டிக் சிறுநீரகத்துக்கு ஆபத்தைக் கூட்டலாம். மலத்தில் ரத்தம் வந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ போனில் பேசிக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.