வாசகர் கேள்வி: சுவிட்ச் 2 விலை இறங்குமா?

கேள்வி: நின்டெண்டோ நிறுவனத்தின் சுவிட்ச் 2 வீடியோ விளையாட்டுக் கருவி வேண்டுமென்று மகன் நிற்கிறான். விலை கூடிவிட்டதென்று பலரும் குறைப்பட்டார்களாம். ஆனாலும் நன்றாக விற்றதாம். பொறுத்திருந்தால் விலை இறங்குமா?
– வாசகி ஒருவர், கொக்குவில்

பதில்: 2017இல் 299.99 டொலருக்கு வந்த சுவிட்சின் அடுத்த தலைமுறை, 2025 யூன் 5ஆம் திகதி அமெரிக்காவில் 449.99 டொலருக்கு வந்தபோது முணுமுணுப்பு எழுந்ததில் வியப்பில்லை. ஆயினும் கூடிய கோபத்துக்கு ஆளானது 79.99 டொலர் விலையிடப்பட்ட மரியோ கார்ட் வேர்ல்ட் விளையாட்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. கருவியை வாங்குவது ஒருமுறைதான், விளையாட்டுகளையோ தொடர்ந்து வாங்க வேண்டும். ஏப்ரலில் நிறுவனம் நடத்திய நேரடி ஒளிபரப்பில், பார்வையாளர் கருத்துகளில் ‘விலையைக் குறையுங்கள்’ என்ற வாசகமே குவிந்தது. அப்படியிருந்தும் முதல் நான்கு நாட்களில் 35 இலட்சத்துக்கும் அதிகமான கருவிகள் விற்றன.

2011இல் 249.99 டொலருக்கு வந்த நின்டெண்டோவின் 3டிஎஸ் கருவி, விற்பனை மந்தமானதால், ஆறு மாதங்களுக்குள்ளேயே 169.99 டொலராக இறங்கியது உண்மை. இம்முறை அந்த நெருக்கடி இல்லை. 2025 ஓகஸ்ட்டில் பழைய சுவிட்சின் விலையைக்கூட அமெரிக்காவில் உயர்த்தினார்கள் என்பதால், விலைக்குறைப்பை நம்பிக் காத்திருக்க நான் சொல்லமாட்டேன்.

யாழ்ப்பாணத்தில் வாங்கும்போது 18 சதவீத வற் வரியும் இறக்குமதிச் செலவும் சேரும். வெளிநாட்டு உறவினர் மூலம் எடுப்பிப்பதானால், யப்பானில் 2025இல் 49,980 யென்னுக்கு வந்த மலிவுப் பதிப்பைத் தவிருங்கள். அது யப்பானிய மொழியில் மட்டுமே இயங்கும்.